கீழ் வளைவில் நான் இல்லாத நாட்கள்

சார், அந்த பிஸ்கட் பாக்கெட்டை உள்ள வச்சுடுங்க. கோவிச்சுக்காதீங்க. இங்க குரங்குக்கு எதுவும் போடக் கூடாது. போட்டுப் பழக்கிட்டா அதுங்க ரோட்டுலயே காத்துக் கெடக்கும், அடுத்து வர்ற வண்டியில அடிபடும். போர்டு வச்சிருக்கோம், நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மழைக்குப் பாசி ஏறி எழுத்தே தெரியல.

இல்ல சார், போக முடியாது. மேல மரம் சாஞ்சு கெடக்கு. விடியக்காலத்துக் காத்துல விழுந்தது. வால்பாறையில இருந்து ஆள் வந்து அறுத்துத் தள்ளணும், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு எறங்கி நில்லுங்க. புல்லுல கால் வைக்காதீங்க, அட்டை ஏறிடும். தார் மேலயே நில்லுங்க. அம்மாவும் பாப்பாவும் தூங்குறாங்களா? தூங்கட்டும். அத்தனை வளைவு ஏறி வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் கண்ணைக் கட்டும்.

என் பேரு ஞானப்பிரகாசம். பிரகாசம்னு கூப்பிடுவாங்க. இந்த ஜாக்கெட் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்தது. பத்து வருஷமா இந்த வளைவுல நிக்கிறேன். குரங்கு ரோட்டைத் தாண்டும்போது கொடியைக் காட்டி வண்டியை நிறுத்தணும், அதான் வேலை. நாட்டுக்குரங்கு இல்ல சார், சிங்கவால் குரங்கு. உடம்பெல்லாம் கறுப்பு, மொகத்தைச் சுத்தி வெள்ளையாப் பிடரி, வால் நுனியில குஞ்சம். நம்ம மலையை விட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது.

பேப்பர்ல எல்லாம் என் படம் வந்திருக்கு. 'குரங்குகளின் காவலன்'னு போட்டாங்க. குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டுக் கேடயம் குடுத்தாங்க. வீட்டுல டிவி மேல இருக்கு. எம் பொஞ்சாதி அதுமேல துணியைப் போட்டு மூடி வச்சிருக்கா. ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன். நேரந்தான் இருக்கே.

இந்தப் பக்கமும் சோலை, அந்தப் பக்கமும் சோலை, பாருங்க. முன்ன இந்த மலை பூரா ஒரே காடு. வெட்டித் தேயிலை போட்டாங்க. வெட்டாம விட்ட துண்டு இது. சுத்தி நாலு பக்கமும் மஞ்சத்துறை எஸ்டேட் தேயிலை. அந்தத் துண்டுக்கும் நடுவால இந்த ரோடு. ஆனாலும் ரெண்டு பக்கத்து மரமும் மேல ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்கும். பகல்லயே லைட்டுப் போட்டுத்தான் பஸ் வரும். குரங்குங்க தரையைத் தொடாம மேலயே போயிடும், வந்துடும். அப்புறம் ரோட்டை அகலமாக்கினாங்க, கரண்டு கம்பி இழுத்தாங்க, கிளையை எல்லாம் கழிக்கச் சொன்னாங்க. கழிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். பத்து நாள் வேலை. அதுல எனக்கு ஒரு உறுத்தலும் இல்ல சார். வெட்டுன்னாங்க, வெட்டினோம். என் உறுத்தல் வேற.

கிளை போனதும் குரங்குங்க கீழ எறங்கித்தான் தாண்டணும்னு ஆயிடுச்சு. வண்டியில அடிபட ஆரம்பிச்சுது. அப்பதான் தாரிணி மேடம் வந்தாங்க. பதிமூணு வருஷம் ஆச்சு. படிப்புக்காக ஆராய்ச்சி பண்ண வந்தவங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லியா, தலையில ஒரு தொப்பி, கழுத்துல பைனாகுலர், ஒரு பழைய ஸ்கூட்டர். மதுரைப் பக்கம். சோலையைப் பாத்துட்டு எஸ்டேட் மேனேஜர்கிட்டப் போயி, காடு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்னு கேட்டிருக்காங்க. நான் அப்ப கவாத்து வெட்டிக்கிட்டிருந்தேன், தேயிலைச் செடியை மட்டம் பண்ற வேலை. நாப்பத்தோரு வயசு, கல்யாணம் ஆகல. அம்மா இருக்கிற வரைக்கும் அவங்களைப் பாத்துக்கிட்டேன், அவங்க போனதும் யாரும் எனக்குப் பொண்ணு பாக்கல. எனக்குக் காடு தெரியும்னு நானே போயிச் சொன்னேன். கத்தியைக் கீழ போட்டா போதும்னு இருந்துச்சு.

வேலை என்னன்னா, குரங்குக்குப் பாலம் கட்டணும். சிரிக்காதீங்க, நெஜமாத்தான். தீயணைப்பு வண்டியில பழைய கேன்வாஸ் குழாய் இருக்கும்ல, அதை ஏணி மாதிரிப் பின்னி இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் கட்டிவிட்டா அதுங்க மேலயே போகும். ஆனா ஒரு பாலத்துக்குத்தான் அனுமதி. எந்த எடத்துல கட்டணும்? அதுக்குத்தான் ஆறு மாசம் எண்ணணும்னாங்க. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும்.

ரெண்டு எடம். ஒண்ணு நாம நிக்கிற இந்தக் கீழ் வளைவு. இன்னொண்ணு மேல் வளைவு, இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர். ஒரு நாள் அங்க, ஒரு நாள் இங்க. காலையில ஆறரைல இருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும். தாள் குடுப்பாங்க, கட்டம் கட்டமா இருக்கும். எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை, ஆண் எத்தனை, பொண்ணு எத்தனை, குட்டி எத்தனை, தரையில தாண்டுச்சா, மரத்துல தாண்டுச்சா. ஞாயித்துக்கிழமை லீவு.

"அண்ணா, ஒண்ணும் வரலைன்னா பூஜ்யம்னு எழுதுங்க. பூஜ்யமும் முக்கியம்"னு மேடம் முதல் நாளே சொன்னாங்க. எனக்கு அது விசித்திரமா இருந்துச்சு. ஒண்ணுமே வராததை எதுக்கு எழுதணும்?

முதல் மூணு வாரம் ஒழுங்காத்தான் செஞ்சேன். மாதா சத்தியமா. அப்பவே தெரிஞ்சுபோச்சு சார், குரங்குங்க தாண்டற எடம் இதுதான். ரெண்டு பக்கமும் வெடிப்பலா மரம் இருக்கு பாருங்க, அந்தா, அந்த முள்ளுக் காய் காய்க்கிற மரம். அது அதுங்களுக்குச் சோறு மாதிரி. ஒரு நாள் ஒரே நேரத்துல முப்பத்தெட்டு தாண்டுச்சு. முதல்ல பெரிய ஆண் வந்து ரோட்டு நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்துச்சு, அப்புறம் மத்ததெல்லாம். எனக்கே சிலுத்துப்போச்சு. சாயங்காலம் மேடம்கிட்டத் தாளைக் குடுத்தா, அவங்க அதை வாங்கிட்டுக் குதிச்சாங்க. ஸ்கூல் பிள்ளை மாதிரி.

ஜூன்ல மழை பிடிச்சுது. இந்த மழை இல்ல சார், இது தூறல். ஜூன் மழைன்னா நாள் கணக்கா நிக்காது. இந்த வளைவுல ஒதுங்க ஒரு எடம் கெடையாது. குடைக்கு அடியில நின்னா தாள் நனையும். அட்டை ஏறி முட்டிக்கு மேல வரைக்கும் போயிடும். சாக்ஸுல மூக்குப்பொடி தூவிக்கிட்டு நிப்பேன், அதையும் மழை கழுவிட்டுப் போயிடும். மேடம் அதைப் பாத்துட்டு அவங்களுக்குன்னு வச்சிருந்த அட்டை சாக்ஸைக் கழட்டி எனக்குக் குடுத்தாங்க. அட்டை நுழைய முடியாத நெருக்கமான துணி. "எனக்கு இன்னொண்ணு இருக்கு அண்ணா"ன்னாங்க. இல்லைன்னு எனக்குத் தெரியும். அவங்க காலைப் பாத்தாலே தெரியும்.

மழையும் அட்டையும் மட்டும் காரணம்னா நான் பொறுத்திருப்பேன். கவாத்துக்காரன் பாக்காத மழையா? காரணம் மேல் வளைவுல இருந்துச்சு.

மேல் வளைவுல ஒரு டீக்கடை. மேரிபுஷ்பம்னு ஒருத்தி நடத்திக்கிட்டிருந்தா. புருஷன் போயி ஆறு வருஷம், பிள்ளை குட்டி கெடையாது. தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு, அடுப்பு எப்பவும் கனிஞ்சுக்கிட்டே இருக்கும். கடைக்குப் பின்னால ஒரு பலா மரம். அங்க எட்டு பத்து குரங்கு எப்பவும் சுத்தும், பலாச்சுளைக்கும் இவ கொட்டற மிச்சம் மீதிக்கும். நான் பெஞ்சுல ஒக்காந்து அதுங்களை எண்ணுவேன். அவ பருப்பு வடை போட்டுக்கிட்டே, "இன்னிக்கு எத்தனை? அந்த முறைக்கிற கெழவன் வந்தானா?"ன்னு கேப்பா. நாப்பத்தோரு வருஷத்துல ஒரு பொம்பளை எங்கிட்ட, இன்னிக்கு உன் வேலை எப்படின்னு கேட்டது அதுதான் முதல் தடவை சார்.

ஒரு நாள் கீழ் வளைவு முறை. மழை கொட்டுது. பஸ்ஸுல இருந்து எறங்கவே இல்ல. மேல் வளைவுக்கு டிக்கெட் எடுத்தேன். அவ்வளவுதான். அப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் கீழ் வளைவு முறையெல்லாம் மேல் வளைவுலயே ஒக்காந்து எழுதினேன்.

பொய்யா எழுதறதும் லேசு இல்ல. எல்லா நாளும் பூஜ்யம் போட்டா சந்தேகம் வரும். ரெண்டு, பூஜ்யம், மூணு, பூஜ்யம், ஒண்ணு. அப்படி மாத்தி மாத்திப் போடணும். நேரம் போடணும். குட்டியோட ஒரு தாய்னு எழுதுவேன், அப்பத்தான் பாத்த மாதிரி இருக்கும். புஷ்பத்துக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு தினமும் இங்கதான் டியூட்டின்னு நெனச்சுக்கிட்டிருந்தா. மேடம் குடுத்த அட்டை சாக்ஸைப் போட்டுக்கிட்டு, அடுப்புப் பக்கத்துல காலை நீட்டி ஒக்காந்து நான் அதை எழுதினேன் சார்.

மேடம் பகல்ல வர மாட்டாங்க. பத்து கிலோமீட்டர் தள்ளி வேற ஒரு சோலையில அவங்களுக்கு வேலை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து தாளை வாங்கிட்டுப் போவாங்க. ஒரே ஒரு தடவை பகல்ல கீழ் வளைவுக்கு வந்து என்னைக் காணலைன்னு கேட்டாங்க. வயித்துப்போக்குன்னேன். பாவம், மறுநாள் மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க.

ஜூலை கடைசியில தாளையெல்லாம் பரப்பி வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. "அண்ணா, மே மாசம் கீழ முப்பது, முப்பத்தெட்டுன்னு இருந்துச்சே. ஜூன்ல இருந்து ஏன் இப்படிக் கொறைஞ்சு போச்சு?"

நான் யோசிக்கவே இல்ல. "மழை மேடம். மழைக்கு அதுங்க மேல போயிடும். எங்க ஆளுங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம்"னேன்.

அவங்க அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க. என்னை ஒரு பெரிய மனுஷனைப் பாக்குற மாதிரிப் பாத்தாங்க. அதைப் பொய்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார், ஒரு சிலது மேல போயிருக்கலாம்ல? இல்ல. விடுங்க. இப்பவும் பாருங்க, வாய் அப்படித்தான் போகுது.

பாலம் மேல் வளைவுல கட்டினாங்க. டிசம்பர் மாசம். நான்தான் மரத்துல ஏறிக் கட்டினேன். ரேஞ்சர் வந்தாரு, போட்டோ எடுத்தாங்க, புஷ்பம் எல்லாருக்கும் டீ குடுத்தா. ஜனவரியில எங்களுக்குக் கல்யாணம். மேடம் வந்து ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. அந்த வருஷம் எனக்கு நல்ல வருஷம் சார். அதுதான் பெரிய சங்கடம். மோசமான வருஷமா இருந்திருந்தா இவ்வளவு உறுத்தாது.

பாலத்துல ஒரு மலை அணில் போச்சு. அந்தப் பலா மரத்துக் கூட்டத்துல ஒண்ணு ரெண்டு ஒக்காந்து பாத்துச்சு. அவ்வளவுதான். பெரிய கூட்டம் எப்பவும் போல இங்கதான் எறங்கித் தாண்டுச்சு.

ஏப்ரல்ல லீவு ஆரம்பிச்சு டூரிஸ்ட் வண்டி வரத்து கூடிப்போச்சு. ஒரு நாள் காலையில ஒன்பது மணி இருக்கும், கடையில இருந்தேன். கீழேருந்து வந்த பஸ் டிரைவர் எறங்காமலே கத்தினாரு, "பிரகாசம், கீழ உன் குரங்கை எல்லாம் அடிச்சுப் போட்டுட்டான்யா"ன்னு. நானும் புஷ்பமும் தேயிலைக் குறுக்குப் பாதையில ஓடி வந்தோம்.

ஒரு வேன். வேகமா வந்து வளைவுல திரும்பியிருக்கான், கூட்டம் பாதி ரோட்டுல இருந்திருக்கு. மூணு கெடந்துச்சு. நீங்க கார் நிறுத்தியிருக்கீங்களே, அந்தா, அதுக்குக் கொஞ்சம் முன்னால. ஒண்ணு தாய். அதோட வயித்துல குட்டி ஒட்டிக்கிட்டிருந்துச்சு, உசுரோட. மத்த குரங்குங்க ரெண்டு பக்கத்துலயும் ஒக்காந்துக்கிட்டு யாரையும் கிட்ட விடல. கத்தவும் இல்ல. வண்டியெல்லாம் வரிசையா நின்னுபோச்சு. ஒருத்தன் போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு வயசான பொண்ணுக் குரங்கு ஒண்ணு வந்து, குட்டியைப் பிச்சு எடுத்துத் தன் வயித்துல போட்டுக்கிட்டு மரத்துல ஏறிப் போச்சு. அந்தக் குட்டி பொழைச்சுதான்னு எனக்குத் தெரியாது. பால் இருக்கணும்ல.

மேடம் ஸ்கூட்டரைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. பாத்தாங்க. அப்படியே தார் ரோட்டுல ஒக்காந்துட்டாங்க. "என் தப்பு அண்ணா. எடத்தைத் தப்பாப் பாத்துட்டேன். என்னாலதான்"னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் பக்கத்துல நின்னேன். புஷ்பம் அவங்க தோளைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். சொன்னா புஷ்பமும் கேப்பா. எந்த பெஞ்சுல ஒக்காந்து எழுதினேன்னு அவளுக்கும் தெரிஞ்சு போகும். கல்யாணமாயி மூணு மாசம். நான், "நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க, வேன்காரன் வேகமா வந்துட்டான்"னு சொன்னேன். வேகமாத்தான் வந்தான், அது நெஜம்தான்.

மேடம் ஆபீஸுக்கு எழுதினாங்க, கீழ் வளைவுல இன்னொரு பாலம் வேணும்னு. ஒரு மீட்டிங் நடந்துச்சு. நானும் வெளிய நின்னேன். உள்ள ஒரு அதிகாரி, "குரங்கே போகாத ஒரு பாலத்தைக் கட்டிட்டு இன்னொண்ணு கேக்குறீங்க. உங்க கணக்குப்படியே கீழ ரெண்டும் மூணுந்தானே வருது?"ன்னு கேட்டிருக்காரு. மேடம் ஃபைலை மூடிக்கிட்டு வெளிய வந்தாங்க. என்னோட கணக்கை வச்சே அவங்க வாயை அடைச்சுட்டாங்க. அடுத்த மாசம் பெட்டியைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப கடைக்கு வந்து, "அந்த அட்டை சாக்ஸை நீங்களே வச்சுக்கோங்க அண்ணா"ன்னாங்க. அப்புறம் இந்த மலைக்கே வரல. எங்கயோ வெளி மாநிலத்துல காலேஜ்ல வாத்தியாரா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு புத்தகம் தபால்ல வந்துச்சு. அவங்க ஆராய்ச்சி. இங்கிலீஷு. எங்க அக்கா மக படிச்சுச் சொன்னா. முதல் பக்கத்துலயே என் பேரு, நன்றின்னு. உள்ள ஒரு எடத்துல, மழைக் காலத்துல இந்தக் குரங்குங்க மேல் பகுதிக்குப் போகுது, இது இந்த ஊர் ஆளுங்க அனுபவத்துல கண்டதுன்னு போட்டிருந்துச்சு. அக்கா மக கைதட்டினா. "மாமா, நீங்க சொன்னது புக்குல வந்திருக்கு!" அன்னிக்கு நான் சோறு சாப்பிடல.

அதுக்கு அடுத்த வாரம்தான் இங்க வந்து நிக்க ஆரம்பிச்சேன். யாரும் சொல்லல. புஷ்பத்தோட பழைய செவப்புச் சேலையைக் கிழிச்சுக் கம்புல கட்டிக்கிட்டு வந்தேன். மழையும் அட்டையும் அப்ப எங்க போச்சுன்னு கேக்குறீங்களா? இருக்கத்தான் செஞ்சுது. நின்னேன். ஒரு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல பாத்துட்டு ஜாக்கெட் குடுத்தாங்க. அப்புறம் பேப்பர்காரங்க. அப்புறம் கேடயம். ஒவ்வொண்ணா வந்து ஏறுது, நான் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிறேன். அந்த வேன் அடிச்சதுல இருந்து இதுவரைக்கும் இந்த வளைவுல பதினேழு குரங்கு போயிருக்கு சார். நான் இங்க நிக்க வர்றதுக்கு முன்னால, அப்புறம் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற நேரத்துல, காய்ச்சல்ல கெடந்த நேரத்துல. பதினேழு. இது பொய்க் கணக்கு இல்ல.

மொதல்ல பெரிய கூட்டம் ஒண்ணா இருந்துச்சு. இப்ப ரோட்டைப் பாத்து பயந்துக்கிட்டுச் சிலது அந்தப் பக்கமே நின்னுடுச்சு, சிலது எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லயன் வீடுங்க பக்கம் போயி ஓட்டைப் பிரிக்குது, கல்லடி படுது. மிச்சத்துக்குத்தான் இந்தப் பக்கம் வந்து போற தைரியம் இருக்கு.

ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து, "குரங்கா?"ன்னு கேட்டாரு. "ஆமா ஃபாதர்." "வேற ஏதாவது?" "வேற ஒண்ணும் இல்ல ஃபாதர்." மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். உறுத்தல் ஒண்ணும் குறையல. குரங்கு செத்ததை மட்டும் சொல்லியிருக்கேன், மேடம் ரோட்டுல ஒக்காந்து அழுததை அவர்கிட்டச் சொல்லவே இல்லைன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

போன மாசம் ஆபீஸ்ல சொன்னாங்க, தாரிணி மேடம் வர்றாங்க, கீழ் வளைவுக்குப் பாலம் கட்டத் திரும்பவும் கேட்டிருக்காங்கன்னு. அன்னிக்குச் சாயங்காலம் புஷ்பம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ இட்லிக்கு உளுந்து கழுவிக்கிட்டிருந்தா. கையை எடுக்காமலே கேட்டா. முடிச்சதும், "அப்ப நீங்க டியூட்டியில இருக்கீங்கன்னு நெனச்சுத்தானே நான் அடுப்பைத் தள்ளிப் போட்டு எடம் குடுத்தேன்"னா. அப்புறம் நாலு நாள் பேசல. அப்பதான் அந்தக் கேடயத்துல துணியைப் போட்டது. அஞ்சாவது நாள், "மேடம் வந்ததும் நீங்களே சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன்"னா. நானாவே சொல்லியிருப்பேனான்னு கேட்டா, தெரியல சார்.

மேடம் கடைக்கு வந்தாங்க. தலையில அங்கங்க நரை. "அண்ணா, எப்படி இருக்கீங்க? பேப்பர்ல பாத்தேன், எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா"ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சாங்க. புஷ்பம் டீயை வச்சுட்டு என்னைப் பாத்துக்கிட்டே நின்னா.

"மேடம், ஜூன்ல இருந்து நான் கீழ வரவே இல்ல"ன்னேன்.

அவங்களுக்குப் புரியல. "எந்த ஜூன்?"

"அந்த ஜூன். மழைக்கு மேல போகும்னு சொன்னதும் பொய். நான் இங்கதான் ஒக்காந்திருந்தேன். இந்த பெஞ்சுல."

கையை விட்டாங்க. ரொம்ப நேரம் அந்தப் பலா மரத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. டீ ஆறிப்போச்சு, ஆடை கட்டிப்போச்சு. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "பன்னெண்டு வருஷமா நான் எங்க தப்பு பண்ணினேன்னு தேடிக்கிட்டிருக்கேன் அண்ணா"ன்னாங்க. "என் மாணவங்களுக்கு அதைத்தான் பாடமா எடுக்குறேன். நான் எப்படித் தப்பு பண்ணினேன்னு."

புஷ்பம் அழுதுட்டா. "தப்பு இவர் மேல மட்டும் இல்ல மேடம், என் மேலயும்தான்"னா. மேடம் அவளைப் பாத்து, "நீங்க டீதானே போட்டீங்க அக்கா"ன்னாங்க.

மறுநாள் பழைய தாளையெல்லாம் பெட்டியில கொண்டுவந்தாங்க. எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தாங்க சார், ஒண்ணு விடாம. என் கையில ஒரு பென்சிலைக் குடுத்து, பொய்யான தாள்ல எல்லாம் குறுக்கக் கோடு போடச் சொன்னாங்க. கீழ் வளைவுத் தாள் மொத்தம் எழுபத்தொன்பது. நடுவுல ரெண்டு நாள் மனசு கேக்காம வந்திருக்கேன், அதையும் சேத்தா நெஜமானது பதினொண்ணு. மிச்சம் அறுபத்தெட்டுலயும் நானே கோடு போட்டேன். காலையில ஆரம்பிச்சு மத்தியானம் ஆயிடுச்சு. ஒவ்வொரு தாள்லயும் என் கையெழுத்து, அழகா. மேடம் எதிர்ல ஒக்காந்து ஒண்ணு ஒண்ணா வாங்கி அடுக்கினாங்க. கடைசியில மன்னிச்சுடுங்க மேடம்னேன். "அதைப் பத்தி இப்ப என்னால பேச முடியாது அண்ணா"ன்னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க.

பாலத்துக்குத் திரும்பவும் ரெண்டு மாசம் எண்ணிக் காட்டணும்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. வேற நல்ல ஆளாப் போட்டுக்கோங்க மேடம்னேன். "இல்ல, நீங்கதான் எண்ணணும்"னாங்க.

இருங்க சார். பேசாதீங்க. காருக்கு இந்தப் பக்கம் வந்துடுங்க. அந்தா, வெடிப்பலா மரத்துல கிளை ஆடுது பாருங்க. ஆண் எறங்கிடுச்சு. மரம் விழுந்ததுல வண்டிச் சத்தம் இல்ல, அதான் தைரியமா வருது. எண்ணுங்க சார். நீங்களும் எண்ணுங்க. வாய் விட்டு வேணாம், மனசுக்குள்ள. பாப்பாவை வேணும்னா எழுப்பிக் காட்டுங்க, கதவை மட்டும் தெறக்காதீங்க.

...

போயிடுச்சு. அவ்வளவுதான், கடைசியா அந்த நொண்டி. அது எப்பவும் கடைசியாத்தான் வரும்.

எத்தனை சார்? நீங்க எத்தனை எண்ணினீங்க?

முப்பதா? நான் முப்பத்திமூணு எண்ணினேன். வயித்துல ஒட்டிக்கிட்டுப் போன குட்டிங்களை விட்டிருப்பீங்க, கறுப்புல கறுப்பு சட்டுன்னு தெரியாது... இல்ல, இல்ல. விடுங்க. உங்க கணக்கையே போடுங்க. இந்தத் தாள்ல கடைசிக் கட்டத்தைப் பாருங்க, 'சாட்சி'ன்னு போட்டிருக்கா? பழைய தாள்ல அது கெடையாது. இது எனக்காக மேடம் புதுசாப் போட்டது. ஒவ்வொரு நாளும் என்னைத் தவிர இன்னொருத்தர் பாத்து எழுதிக் கையெழுத்துப் போடணும். பஸ் டிரைவர், தேயிலை பறிக்கிற பொம்பளைங்க, உங்களை மாதிரி வர்றவங்க, யாரா இருந்தாலும் சரி. நான் எழுதினது மட்டும் செல்லாது. சரிதானே சார், நியாயம்தானே?

பேனா இந்தாங்க. முப்பதுன்னே எழுதுங்க. நீங்க பாத்தது அதுதானே. கீழ உங்க பேரு. பக்கத்துல போன் நம்பரும் எழுதிடுங்க, மேடம் சில நேரம் கூப்பிட்டுக் கேப்பாங்க. கூப்பிட்டாங்கன்னா குரங்கு எத்தனைன்னு சொல்லுங்க. அப்புறம், நான் இங்கதான் நின்னேன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.